நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம்: போஸ்ச்சர் என்பது என்ன?

கன்னியாகுமரி மாவட்டத்துத் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோவிலின் மூலவர் பள்ளிகொண்டிருக்கிறார். 22 அடி நீளத் திருமேனி. தலை தெற்கே, பாதம் வடக்கே, முகம் மேற்கே. ஒரே இடத்தில் நின்று முழுவதையும் பார்த்துவிட முடியாது. மூன்று வாசல்கள் வழியாகப் பகுதி பகுதியாகத்தான் சேவிக்க வேண்டும். நாகர்கோவிலை ஒட்டிய திருப்பதிசாரத்தில் திருவாழ்மார்பன் அமர்ந்திருக்கிறார். சுசீந்திரத்தில் 18 அடி ஆஞ்சநேயர் கைகூப்பி நிற்கிறார். கிடந்த கோலம், இருந்த கோலம், நின்ற கோலம் என்று கோவில் மரபு இவற்றைப் பிரித்துச் சொல்கிறது. சிதறால் மலைப்பாறையில் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர்களிலும் அமர்ந்தவரும் உண்டு, நின்றவரும் உண்டு.

இப்படி உடல் கொள்ளும் கோலத்தைத்தான் ஆங்கிலத்தில் போஸ்ச்சர் என்கிறார்கள். பிசியோதெரபிஸ்ட் சொல்கிறார், யோகா ஆசிரியர் சொல்கிறார், ராணுவச் செய்தி எழுதும் நிருபரும் சொல்கிறார். இப்போது கணினிப் பாதுகாப்பு வேலைக்கான விளம்பரத்திலும் அந்தச் சொல் வருகிறது. முதுகெலும்பில் தொடங்கியது அணுகுண்டுக் கொள்கை வரை எப்படிப் போனது என்று புதிதாகப் படிக்கும் ஒருவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. உடலில் அதன் பொருள் என்ன என்பது விளங்கிவிட்டால் மற்ற இடங்களில் அதிகம் விளக்க வேண்டியிருக்காது. அதனால் உடலைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப் போகிறேன்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லத்தீனில் ‘வைத்தல்’ என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது. பொசிஷன், டெபாசிட் ஆகியவையும் அதே வேரில் முளைத்தவை. இத்தாலியம், பிரெஞ்சு வழியாக ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. உடலை எப்படி வைத்திருக்கிறோம் என்பதே அதன் முதல் பொருள்.

போஸ் கொடுப்பதும் போஸ்ச்சரும் ஒன்றல்ல. கன்னியாகுமரிக் கடற்கரையில் மாலை நேரத்தில், மறையும் சூரியனைக் கையில் ஏந்துவதுபோலப் படம் எடுத்துக்கொள்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அது போஸ், சில நொடிக்கு, பார்ப்பவருக்காக வைத்துக்கொள்வது. அந்தப் படத்தை எடுக்க மணலில் ஒரு முழங்காலை ஊன்றி, முதுகை வளைத்து, கழுத்தைச் சாய்த்திருக்கிறாரே எதிரில் இருப்பவர், அவருடைய உடல் இருக்கும் விதம்தான் போஸ்ச்சர். அதை அவர் யோசித்துச் செய்யவில்லை. செய்யும் வேலை அவர் உடலை அப்படி அமைத்திருக்கிறது.

எனவே இப்படிச் சொல்லலாம்: தலை, தோள், முதுகு, இடுப்பு, கால் ஆகியவை ஒன்றுக்கொன்று எப்படி அமைந்திருக்கின்றன, அந்த அமைப்பு பூமியின் இழுப்புக்கு எதிராக விழாமல் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதன் பெயர் போஸ்ச்சர். இரண்டாவது பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உருவத்தை மட்டும் பார்த்து, ‘நேராக இருக்கிறான், கூனி இருக்கிறான்’ என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

விழாமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அறிய ஒரு சோதனை போதும். குதிகாலும் பின்பக்கமும் சுவரில் ஒட்டும்படி நில்லுங்கள். முன்னால் தரையில் ஒரு கைக்குட்டையைப் போட்டு, முழங்காலை மடக்காமல் குனிந்து எடுத்துப் பாருங்கள். எடுக்க முடியாது, முன்னால் சரிவீர்கள். முதியவர்கள் இதைச் செய்ய வேண்டாம். இளையவர்களும் அருகில் ஒருவரை வைத்துக்கொண்டு செய்யலாம். இன்னொன்று: நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, உடலை முன்னால் சாய்க்காமல், பாதத்தைப் பின்னுக்கு இழுக்காமல் எழுந்து நிற்கப் பாருங்கள். அதுவும் நடக்காது.

காரணம் இதுதான். உடலின் மொத்த எடையும் ஓரிடத்தில் குவிந்திருப்பதாகக் கணக்கிட்டால், நிற்கும்போது அந்த இடம் இடுப்புக்கூட்டுக்குள், திரிகத்தின் (முதுகெலும்பின் அடியில் உள்ள முக்கோண எலும்பின்) இரண்டாம் பகுதிக்குச் சற்று முன்னால் வரும். பள்ளிப் பாடத்தில் ஈர்ப்பு மையம் என்று படித்தது இதையே. அதிலிருந்து நேர் கீழே ஒரு தூக்குநூல் விட்டால், அது இரண்டு பாதங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட பரப்பும் சேர்ந்த தாங்குதளத்துக்குள் விழ வேண்டும். வெளியே போனால் உடல் சாயும். சாதாரணமாகக் குனியும்போது நம் இடுப்பு தானாகவே பின்னுக்குப் போகிறது. தலையும் மார்பும் முன்னே போன அளவுக்கு எடை பின்னால் ஈடுகட்டப்படுகிறது. சுவர் அந்த ஈடுகட்டலைத் தடுத்துவிடுகிறது. நாற்காலியில் எழ முடியாததற்கும் இதே கணக்குதான். எடை பின்பக்கத்தில் இருக்கிறது, பாதம் முன்னால் இருக்கிறது; எடையைப் பாதத்துக்கு மேலே கொண்டுவராமல் எழுந்திருக்க வழியே இல்லை. வயதான ஒருவரை நாற்காலியிலிருந்து எழுப்பும்போது கையைப் பிடித்து மேல்நோக்கி இழுப்பதைவிட, பாதத்தைப் பின்னால் வைக்கச் சொல்லி முன்னால் சாயவைப்பது எளிதாக இருப்பது இதனால்தான்.

அசையாமல் நிற்கிறோம் என்று நாம் நினைக்கும்போதும் உடல் அசைந்துகொண்டேதான் இருக்கிறது. கணுக்காலை அச்சாகக் கொண்டு மெல்ல முன்னும் பின்னும் ஆடுகிறது. கெண்டைக்கால் தசை அதைப் பிடித்து நிறுத்துகிறது. அந்தத் தசையின் உள்ளடுக்கில், மெதுவாகச் சுருங்கி எளிதில் களைக்காத இழைகள் மிகுதி. மணிக்கணக்கில் நிற்க முடிவது அதனால்தான். எந்தப் பக்கம் சாய்கிறோம் என்ற தகவல் மூன்று வழிகளில் மூளைக்குப் போகிறது: கண், உட்காது, பிறகு பாதத்தின் தோலிலும் தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு நரம்புகள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பாதங்களையும் சேர்த்து நின்றால் ஆட்டம் கூடுவதை நீங்களே உணரலாம். மூன்றில் ஒன்று குறைந்துவிட்டது அல்லவா?

குளச்சல், முட்டம் பக்கத்து மீனவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆடும் படகில் அவர்கள் காலை அகட்டி, முழங்காலைச் சற்று மடக்கி நிற்கிறார்கள். காலை அகட்டியதால் தாங்குதளம் விரிகிறது. முழங்காலை மடக்கியதால் ஈர்ப்பு மையம் இறங்குகிறது. அலையின் தூக்கலை மூட்டு வாங்கிக்கொள்ள, தலை அதிகம் ஆடுவதில்லை. முதல்முறை படகேறுபவர் முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு நிற்பார். முதல் பெரிய அலையிலேயே தடுமாறுவார். படகின் உட்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் கண் ‘அசைவில்லை’ என்கிறது, உட்காது ‘அசைகிறாய்’ என்கிறது; இந்த முரண்தான் கடல் மயக்கத்துக்கு முக்கியக் காரணம். நெடுநேரம் கடலில் இருந்துவிட்டுக் கரையேறியவருக்குத் தரை ஆடுவதாகத் தோன்றுவதும், மூளை கடலுக்கு ஏற்பச் செய்துகொண்ட சரிக்கட்டலை உடனே விட்டுவிடாததால்தான்.

தூக்குநூல் கணக்கு உயிருள்ள உடலுக்கு மட்டும் உரியதல்ல. முக்கடல் கூடும் இடத்தில் நிற்கும் திருவள்ளுவரைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 38 அடி பீடம், 95 அடி சிலை, மொத்தம் 133 அடி. வை. கணபதி ஸ்தபதி வடித்தது. 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. பலர் உயரத்தைப் பார்த்துவிட்டுப் படகில் திரும்பிவிடுகிறார்கள். இடுப்பைப் பார்க்க வேண்டும். அங்கே மெல்லிய ஒரு வளைவு இருக்கிறது. விறைத்து நிற்கும் உருவமல்ல அது.

சிற்ப நூல்கள் நிற்கும் உருவங்களை வளைவைக் கொண்டு பிரிக்கின்றன. உடலின் இரு பாதியும் ஒத்திருக்க, எடை இரு காலிலும் சமமாக இறங்கினால் சமபங்கம். சற்றே ஒடிந்தால் ஆபங்கம். தலை, மார்பு, இடுப்பு மூன்றும் மாறிமாறி எதிர்ப்பக்கம் சாய்ந்தால் திரிபங்கம். ஆடலிலும் போரிலும்போல் பெரிதும் வளைந்தால் அதிபங்கம். உச்சியிலிருந்து நடுவே இறங்கும் கோட்டுக்குப் பிரம்ம சூத்திரம் என்று பெயர். ஓர் உறுப்பு அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அதற்கு ஈடாக இன்னொன்று மறுபக்கம் விலக வேண்டும். உயிருள்ளவர் ஒற்றைக் காலில் எடையைப் போட்டு ஓய்வாக நிற்கும்போதும் இதுவேதான் நடக்கிறது: எடை தாங்கும் பக்கத்து இடுப்பு உயர்கிறது, அந்தப் பக்கத்துத் தோள் தாழ்கிறது, கழுத்துக்குழியிலிருந்து விட்ட நூல் எடை தாங்கும் குதிகாலின் அருகே விழுகிறது. கருங்கல் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஆகவே கல்லில் ஒரு வளைவைக் காட்டிவிட்டு எடையை நேராகக் கீழே இறக்குவது எளிதான காரியமல்ல. அந்தச் சிலை 2004 சுனாமியையும் தாங்கி நின்றது.

இனி முதுகெலும்புக்கு வருவோம். ‘நிமிர்ந்து நேராக உட்கார்’ என்று நாம் பிள்ளைகளிடம் சொல்கிறோமே, உண்மையில் ஆரோக்கியமான முதுகெலும்பு நேராக இருப்பதில்லை. பக்கவாட்டில் பார்த்தால் கழுத்தில் 7 எலும்புகள் முன்னோக்கி வளைகின்றன, மார்பில் 12 பின்னோக்கி, இடுப்பில் 5 மறுபடி முன்னோக்கி. அதற்குக் கீழே திரிகம் பின்னோக்கி. பிறக்கும் குழந்தைக்கு முழு முதுகும் ஒரே வளைவாகத்தான் இருக்கும். குப்புற விழுந்து தலை தூக்கும் மாதங்களில் கழுத்து வளைவு தெளிவாகிறது. உட்கார்ந்து, எழுந்து, நடை பழகும்போது இடுப்பு வளைவு உருவாகிறது. இரண்டு கால்களில் நிற்கத் தொடங்கியதற்கு உடல் தேடிக்கொண்ட வழி அது.

எலும்புகளுக்கு நடுவே ‘டிஸ்க்’ எனப்படும் 23 வட்டுகள் இருக்கின்றன. பெரியவர்களின் வட்டுக்குள்ளே ரத்தக்குழாய் போவதில்லை. அழுத்தம் கூடும்போது நீர் வெளியேறி, குறையும்போது உள்ளே வருகிறது, ஊட்டமும் பக்கத்திலிருந்து ஊறித்தான் வர வேண்டும். இரவு படுத்து எழுந்த காலையில் நாம் மாலையைவிட ஒன்று இரண்டு சென்டிமீட்டர் உயரமாக இருப்பது இதனால்தான். எனவே ஒரே கோலத்தில் அசையாமல் இருப்பது, அது எவ்வளவு அழகான கோலமானாலும், முதுகுக்கு உகந்ததல்ல. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் நம் ஊரில் நிமிர்வைப் பற்றிய அறிவுரை ஏராளம், அசைவைப் பற்றிய அறிவுரை குறைவு. கம்ப்யூட்டர் முன்னால் வேலை செய்கிறவர்கள் முதுகுவலி வந்ததும் விலை உயர்ந்த நாற்காலியும் தோளை இழுத்துப் பிடிக்கும் பட்டையும் வாங்குகிறார்கள். பிறகு அதே நாற்காலியில் மூன்று மணி நேரம் எழாமல் உட்காருகிறார்கள். ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் 1960களில் இடுப்பு வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட உட்காரும்போது அழுத்தம் கூடுகிறது என்ற கருத்து அங்கிருந்துதான் பரவியது. 1999இல் ஜெர்மனியில் வில்கேயும் அவர் குழுவினரும் புதிய கருவியால் அளந்தபோது வேறு விடை கிடைத்தது. தளர்வாக நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல், சாய்மானம் இல்லாமல் தளர்வாக உட்காரும்போது 0.46, நாற்காலியில் நன்றாகச் சரிந்து உட்காரும்போது 0.27. ஒரே ஒருவரிடம் அளந்த கணக்கு என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் சரிந்து உட்கார்ந்தாலே வட்டு நசுங்கிவிடும் என்ற பயத்துக்கு அதில் இடமில்லை.

அதே அளவீட்டில் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது எடை தூக்கும் பகுதி. 20 கிலோவை முதுகை வளைத்துக் குனிந்து தூக்கியபோது 2.3 மெகாபாஸ்கல். முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7. அதே எடையை உடலோடு ஒட்டிப் பிடித்து நின்றபோது 1.1, மார்பிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தபோது 1.8. கைநீளத்தில் பிடித்தாலே அழுத்தம் பாதிக்கு மேல் கூடிவிடுகிறது! சிமெண்ட் மூட்டையோ நேந்திரன் குலையோ தூக்குகிறவர் எதைக் கவனிக்க வேண்டும் என்பது இந்த எண்களிலேயே இருக்கிறது: சுமையை வயிற்றோடு அணைத்துக்கொள்வது.

செல்போனுக்கும் இதே நெம்புகோல் கணக்குதான். தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. அது கழுத்துக்கு நேர் மேலே இருந்தால் பின்கழுத்துத் தசைக்கு அதிக வேலையில்லை. முன்னால் குனியக் குனியத் தசை இழுத்துப் பிடிக்க வேண்டும். 60 பாகை குனிந்தால் கழுத்தின் மீது 27 கிலோ அளவுக்குச் சுமை என்று 2014இல் ஒரு மாதிரிக் கணக்கு வெளியாகிப் பெரிதாகப் பேசப்பட்டது. கணக்கு சரி, ஆனால் அதிலிருந்து கழுத்து கெட்டுவிடும் என்று தாவிவிடக் கூடாது. தோவாளையில் தலைமுறை தலைமுறையாகக் குனிந்து பூக்கட்டுகிறார்கள். கழுத்து அதற்காகவும்தான் படைக்கப்பட்டது. வலி வருவது பெரும்பாலும் எவ்வளவு நேரம், இடையில் நிமிர்ந்தோமா, தூக்கம் எப்படி, மனச்சுமை எப்படி, தசைக்கு எவ்வளவு பழக்கம் என்பதையெல்லாம் சேர்த்துத்தான். உட்காரும் விதம் ஒன்றே முதுகுவலிக்குக் காரணம் என்று காட்ட வலுவான சான்று இல்லை என்பதே இன்றைய ஆய்வுகளின் நிலை.

வேலை உடலை எப்படி அமைக்கிறது என்று பார்க்க ரப்பர் தோட்டத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கம் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போகிறார்கள். வெயில் ஏறுமுன் மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும், பால் நன்றாக ஓடும். ஒருவர் ஒரு காலையில் 300, 400 மரங்கள் வெட்டுவார். மரத்தருகே வந்ததும் சிரட்டையைச் சரிசெய்து, பழைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்தெடுத்து, கத்தியைச் சாய்வாக வைத்து, மரத்தைச் சுற்றிப் பின்வாங்கியபடியே பட்டையில் மெல்லிய ஒரு சீவல் எடுக்கிறார். கத்தி ஆழமாகப் போனால் மரம் காயப்படும்; மேலோட்டமாகப் போனால் பால் வராது. அந்தச் சில நொடிகளில் மணிக்கட்டு மட்டும் வேலை செய்வதாகத் தோன்றும். உண்மையில் உள்ளங்கால் முதல் கழுத்து வரை முழு உடலும் அந்தக் கத்தியின் நுனியை நிலையாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மரத்தின் வயது அவருடைய கோலத்தை மாற்றுகிறது. ஒட்டுக்கன்று மரத்தில் முதல் வெட்டைத் தரையிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் திறப்பார்கள். அப்போது சற்றே தலை குனிந்தால் போதும். ஒவ்வொரு முறை வெட்டும்போதும் வெட்டுக்கோடு கீழிறங்குகிறது. ஆண்டுகள் போகப்போக வெட்டு முழங்காலுக்குக் கீழே வந்துவிடும். அப்போது இடுப்பை மடித்தோ குத்தவைத்தோதான் வெட்ட வேண்டும், ஒரு காலையில் நூற்றுக்கணக்கான முறை. மரம் முதிர்ந்ததும் மேற்பட்டையில் நீண்ட பிடியுள்ள கத்தியால் மேல்நோக்கி வெட்டுவார்கள். இப்போது கழுத்து அண்ணாந்து, கைகள் தோளுக்கு மேலே. ஒரே தொழில், ஒரே மனிதர், மூன்று கோலங்கள்! அவரிடம் போய் ‘போஸ்ச்சரைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொன்னால் என்ன பயன்? தாழ்ந்த வெட்டுள்ள மரங்களையும் உயர்ந்த வெட்டுள்ள மரங்களையும் கலந்து ஒரு வரிசையாக அமைத்துக்கொடுப்பது, கத்தியின் கூர்மையைக் கவனிப்பது, நடுவே இடுப்பைப் பின்னால் வளைத்து நிமிர நேரம் கொடுப்பது ஆகியவைதான் உதவும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உடல் வலியைத் தொழிலாளியின் பழக்கக் குற்றமாகப் பேசுவது மிக எளிது. வேலையின் அமைப்பை மாற்றுவதுதான் கடினம்.

தலையில் சும்மாடு வைத்து மீன் கூடை சுமந்து வீடுவீடாகப் போகும் பெண்களின் நடையில் வேறொரு பாடம் இருக்கிறது. சுமை முதுகெலும்புக்கு நேர் மேலே இருப்பதால் நெம்புகோல் நீளம் ஏறத்தாழ இல்லை. முதுகுத் தசை இழுத்துப் பிடிக்க வேண்டியதில்லை. பார்வை தொலைவில் இருக்கிறது, இடுப்பு மட்டும் மெல்லச் சுழல்கிறது. பார்க்கக் கம்பீரமான நடைதான். ஆனால் முழுச் சுமையும் கழுத்தெலும்புகள் வழியாக இறங்குகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த நடையைப் புகழ்கிறவர்கள் அந்தக் கழுத்து வலியைக் கேட்பதில்லை.

மருத்துவத்தில் போஸ்ச்சர் என்ற சொல் முதுகோடு நின்றுவிடுவதில்லை. படுக்கையிலிருந்து எழுந்தால் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் காலுக்கும் அடிவயிற்றுக்கும் இறங்குகிறது. ரத்தக்குழாய்கள் உடனே சுருங்கி, இதயம் வேகம் கூட்டி அதை ஈடுகட்ட வேண்டும். வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள், சில ரத்தஅழுத்த மாத்திரை எடுப்பவர்கள் ஆகியோருக்கு இந்த ஈடுகட்டல் தாமதமாகலாம். எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், கோலமாற்றத்தால் வரும் ரத்தஅழுத்தக் குறைவு என்று மருத்துவர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். இரவில் கழிவறைக்கு எழும் தாத்தா பாட்டிகள் விழுவதற்கு இது ஒரு பெரிய காரணம். கட்டில் ஓரத்தில் ஒன்றிரண்டு நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் அசைத்துவிட்டு எழச் சொல்லுங்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவருக்கு இதன் மறுபக்கம்: ஒரே பக்கத்து அழுத்தம் தோலுக்குப் போகும் ரத்தத்தைத் தடுத்துப் புண்ணாக்கிவிடும், பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பார்கள். மயங்கியவர் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைப்பது, நாக்கும் வாந்தியும் மூச்சுக்குழாயை அடைக்காமல் இருப்பதற்காக. தலையில் கடும் அடிபட்டு நினைவில்லாதவரின் கைகள் தாமாக விறைத்து உள்ளே மடங்கினாலோ வெளியே நீண்டாலோ அதையும் ஆங்கிலத்தில் இதே சொல்லால்தான் குறிக்கிறார்கள். மூளை நசுங்குகிறது என்பதற்கான அபாய அடையாளம் அது. உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

கூன் எல்லாம் ஒரு வகை அல்ல. வளரும் வயதுப் பிள்ளையை நிமிரச் சொன்னதும் முதுகு நிமிர்ந்தால் அது பழக்கம். பயப்பட ஒன்றுமில்லை, விளையாட அனுப்புங்கள். நிமிரச் சொல்லியும் நிமிரவில்லை என்றால் எலும்பின் அமைப்பில் மாற்றம் இருக்கலாம். முன்னால் குனியவைத்துப் பின்னாலிருந்து பார்க்கும்போது முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால் பக்கவாட்டு வளைவு இருக்கலாம். இது பெண் பிள்ளைகளிடம் அதிகமாக முற்றுகிறது. எக்ஸ்ரேயில் 10 பாகையோ அதற்கு மேலோ வளைவு இருந்தால்தான் அந்தப் பெயரையே வைக்கிறார்கள். இரண்டையும் எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். வயதான பெண்களுக்கு வரும் கூனில் பெரும்பகுதி எலும்பு வலுவிழந்து முள்ளெலும்புகள் அமுங்கியதால் வருவது. ‘நிமிர்ந்து நட பாட்டி’ என்று அவர்களைக் கடிந்துகொள்வது கொடுமை.

உடலைப் பார்த்து மனிதரை எடைபோடுவது நம் பழைய பழக்கம். அதனால் கோலத்துக்குள் அதிகாரமும் புகுந்துகொள்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் வரலாற்றில் இதைவிடக் கசப்பான பக்கம் குறைவு. திருவிதாங்கூர் மன்னராட்சியில் நாடார் பெண்கள் மேலாடை அணியத் தடை இருந்தது. அதோடு, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமக்கவும் தடை. தலையில்தான் சுமக்க வேண்டும். குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது. ஒருவர் எப்படி நிற்க வேண்டும், எதை உடலின் எந்த இடத்தில் தாங்க வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்தது. முதுகைக் குனியவைத்தது எலும்பு அல்ல, சட்டம். தோள்சீலைப் போராட்டம் நெடுங்காலம் நடந்து, 1859 ஜூலை 26 அன்று அரசாணை வந்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. அதற்கு முன்பே சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் தம்மிடம் வந்த ஆண்களைத் தலைப்பாகை கட்டச் சொல்லியிருந்தார். இன்றும் பதிக்குள், அதாவது அங்குள்ள அவருடைய கோவிலுக்குள், ஆண்கள் தலைப்பாகையோடுதான் போகிறார்கள். எதிரே கண்ணாடி இருக்கிறது. தலையில் துணி ஏறியதும் கழுத்து எப்படி நிற்கிறது என்பதை அந்தக் கண்ணாடி முன்னால் நின்றவர்கள் பார்த்திருப்பார்கள்.

உடலின் கோலம் உள்ளத்தின் நிலைப்பாட்டைக் காட்டுவதால், ஆங்கிலத்திலும் அந்தச் சொல் மெல்ல உடலைவிட்டு வெளியே வந்தது. ஒரு கட்சி, ஒரு நிறுவனம், ஒரு நாடு ஒரு விஷயத்தை எப்படி எதிர்கொள்ள நிற்கிறது என்பதையும் அது குறிக்கத் தொடங்கியது. இந்தப் பொருளைப் புரிந்துகொள்ள அடிமுறை என்னும் தற்காப்புக் கலை பயிலும் களத்துக்குப் போனால் போதும். ஆசான் முதலில் சொல்லிக்கொடுப்பது அடிப்பதை அல்ல, சுவடு வைப்பதை. முன்கால் மடங்கி, பின்கால் ஊன்றி, எடை இரண்டுக்கும் நடுவே. அந்த நிலையிலிருந்து முன்னேறவும் முடியும், விலகவும் முடியும், தடுக்கவும் முடியும். எதிராளி அடிக்கும் முன்பே, அடி வந்தால் என்ன செய்வது என்பது அந்தக் காலின் வைப்பில் இருக்கிறது.

ராணுவச் செய்திகளில் வரும் பொருள் இதேதான். படைகள் எங்கே நிறுத்தப்பட்டுள்ளன, எவ்வளவு விரைவில் நகரும், எந்த நிலையில் எதைப் பயன்படுத்தும் என்பதெல்லாம் சேர்ந்தது ஒரு நாட்டின் போஸ்ச்சர். அமெரிக்கா தன் அணு ஆயுத நிலையை ஆராய்ந்து வெளியிடும் அறிக்கையின் பெயரிலேயே இந்தச் சொல் இருக்கிறது. முதலாவது 1994இல் வந்தது. நம் நாட்டிலும் 2003 ஜனவரி 4 அன்று பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு அணு ஆயுதக் கோட்பாட்டை அறிவித்தபோது, முதலில் பயன்படுத்துவதில்லை என்ற உறுதியை ஒரு போஸ்ச்சர் என்றே எழுதியது. கணினித் துறையில், ஒரு நிறுவனத்தின் கடவுச்சொல் நடைமுறை, மென்பொருள் புதுப்பிப்பு, காப்புநகல், பணியாளர் பயிற்சி ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து, தாக்குதல் வந்தால் அது எந்த நிலையில் நிற்கிறது என்று மதிப்பிடுகிறார்கள்.

இதே சொல்லை வினையாக்கும்போது பொருள் திரும்பிவிடும். ஓர் அரசியல்வாதி ‘போஸ்ச்சரிங்’ செய்கிறார் என்று எழுதினால், செய்யும் எண்ணமில்லாமல் வீறாப்புக் காட்டுகிறார் என்று பொருள். செய்தியில் இது ஒரு நாட்டைப் பற்றி வரும்போது, சுற்றியுள்ள வினைச்சொல்லைப் பாருங்கள். எல்லைக்குப் படையும் எரிபொருளும் மருத்துவமனைக் கூடாரங்களும் போனதாக எழுதியிருந்தால் அது சுவடு வைத்தல். பேச்சும் அணிவகுப்பும் மட்டும் இருந்தால், அந்த நிருபர் இரண்டாவது பொருளில் எழுதியிருக்கிறார்.